ஜிஆர்இ இரண்டாம் முறை: தேதி குறிக்கும் முன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-யில் ஸ்கோர் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதற்காக அன்றிரவே அடுத்த தேதியைப் பதிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் துறைகளின் சேர்க்கை விதிகளை முதலில் பாருங்கள். பல துறைகள் ஜிஆர்இ கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டன. அங்கெல்லாம் அந்த உழைப்பை எஸ்ஓபிக்கும் (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கட்டுரை) பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுப்பதே மேல். கணிதப் பகுதியான குவாண்டில் 170-க்கு 164 வாங்கியவர் 166-க்காக மறுபடி உட்காருவதிலும் பயன் குறைவு. அதே ஆள் வேறொரு நாள் எழுதினாலே ஓரிரு புள்ளி ஏறும், இறங்கும்.

விதி இதுதான்: ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் 21 நாள் இடைவெளி வேண்டும். தொடர்ச்சியான 12 மாதங்களில் 5 முறை எழுதலாம். ஸ்கோரை ரத்து செய்தாலும் அந்த முறை கணக்கில் சேரும்.

தேதியைக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விண்ணப்பக் கெடு டிசம்பர் 15 என்றால், அதிகாரப்பூர்வ ஸ்கோர் வர 8 முதல் 10 நாள் ஆகும் என்பதால் நவம்பர் கடைசிதான் எல்லை. நவம்பர் 1-ஐ ஒட்டி எழுதினால், சொதப்பினாலும் 22-க்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். அதற்காக 21 நாளையே தயாரிப்புக் காலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை எதுவென்று கண்டு திருத்த ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும்.

அந்தக் குறையைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தால் தெரிந்ததையே படித்துக்கொண்டிருப்பீர்கள். பயிற்சியில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோட்டில் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தப்பாக வாசித்தேனா, கணக்குப் பிழையா, நேரம் போதவில்லையா? ஐம்பது அறுபது கேள்வி சேர்ந்ததும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். இரண்டு அளவுகளில் எது பெரிது என்று கேட்கும் குவாண்டின் ஒப்பீட்டுக் கேள்விகளில், எக்ஸ் என்றால் நேர்ம முழு எண் என்று மனம் தானாக எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. 0, 1, ஒரு பின்னம், ஓர் எதிர்ம எண் ஆகிய நான்கையும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பல தவறுகள் நிற்கும். ஆங்கிலப் பகுதியான வெர்பலில், மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள கேள்வியில் இரண்டு மட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண் கிடையாது. அதனால் சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யாமல், வாக்கியம் எந்தச் சொல்லில் திரும்புகிறது என்று பார்த்துப் பழகுங்கள்.

2023 செப்டம்பரிலிருந்து தேர்வு 1 மணி 58 நிமிடம்தான், இடைவேளை இல்லை. குவாண்ட் முதல் செக்‌ஷனில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். வெர்பலில் அதே எண்ணிக்கைக்கு 18, 23 நிமிடம். முதல் செக்‌ஷனில் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்தே இரண்டாவதன் கடினம் அமையும். ஆகவே முதல் செக்‌ஷனில் சுலபமானவற்றைச் சிந்தவிடக் கூடாது. ஒரே செக்‌ஷனுக்குள் எல்லாக் கேள்விக்கும் சம மதிப்பு. இரண்டு நிமிடம் தாண்டியும் பிடிபடாத கணக்கை மார்க் செய்துவிட்டு நகருங்கள். தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

முதல் முறைக்கே தேர்வை நடத்தும் நிறுவனமே தரும் பயிற்சித் தேர்வுகளான இரண்டு இலவச பவர்பிரெப் டெஸ்ட்டுகளையும் முடித்திருந்தால் அவற்றையே மறுபடி எழுதி மகிழ்ந்துவிட வேண்டாம். கேள்வி நினைவில் இருப்பதால் ஸ்கோர் பொய்யாக உயரும். கட்டண பவர்பிரெப் பிளஸில் ஒன்றை வாங்கி, தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, உண்மைத் தேர்வு தொடங்கும் அதே நேரத்தில், திரையிலுள்ள கால்குலேட்டரோடு எழுதுங்கள். முதல் முறை வீட்டிலிருந்து எழுதியபோது ரஃப் வேலைக்குச் சிரமப்பட்டிருந்தால் இம்முறை தேர்வு மையத்துக்குப் போங்கள். வீட்டில் காகிதத்துக்கு அனுமதியில்லை. அழித்தெழுதும் சிறு பலகை மாதிரியானதுதான்.

முடிந்ததும் திரையில் ரத்து செய்யவா என்று கேட்கும். ஸ்கோரைக் காட்டும் முன்பே கேட்பதால், பயத்தில் ரத்து செய்யாதீர்கள். எந்தத் தேர்வின் ஸ்கோரை அனுப்புவது என்று ஸ்கோர்செலக்ட் என்ற வசதியில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தேர்வன்று நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். ஆனால் அப்போது கடைசித் தேர்வு அல்லது எல்லாத் தேர்வுகளும் என்ற இரண்டே வழிதான். முதல் முறை ஸ்கோரே மேலாக இருக்கலாம் என்று தோன்றினால், பிறகு கட்டணம் கட்டி அதை மட்டும் அனுப்புங்கள்.