மொட்டை மாடியில் ஓட்ஸ் இனக்கலப்பு: மத்தியானம் 2 மணிக்கு மேல் மாடி ஏறுங்கள்

2022 மார்ச் மாதத்தை டெல்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1901 முதல் வைத்திருக்கும் கணக்கில் இந்தியா கண்ட மார்ச்களிலேயே அதுதான் அதிக வெப்பம். மயூர் விஹாரில் எங்கள் மொட்டை மாடியில் அப்போது 20 பைகளில் ஓட்ஸ் பால் பிடித்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் தாமதமாக விதைத்தது என் தப்பு. பத்தே நாளில் கதிரெல்லாம் வெளுத்து, கசக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர்.

இங்கே கடையில் கிடைக்கும் ஓட்ஸ் விதை (இந்தியில் ‘ஜை’) பெரும்பாலும் மாட்டுத் தீவன ரகம். ஜான்சியின் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம், ஹிசார், லூதியானா வேளாண் பல்கலைக்கழகங்கள் எல்லாம் முக்கியமாகப் பசுந்தீவனத்தை நினைத்துத்தான் ரகம் கொண்டுவந்தன. இலை நிறைய வர வேண்டும், வெட்டினால் மறுபடி தழைக்க வேண்டும். தானியம் சீக்கிரம் முற்ற வேண்டும் என்பது அங்கே முதல் கவலை இல்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. வெயில் வருவதற்குள் முற்றி, காற்றுக்குச் சாயாமல் நிற்கிற ஒன்று வேண்டும். சரி, நாமே கலந்து பார்ப்போம் என்று இறங்கினேன். முதல் முயற்சி மொத்தமாகப் புட்டுக்கொண்டது. இரண்டாவது பலித்தது. நடுவில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

பை, மண், எரு பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. கத்தரிக்காய் வளர்த்தவருக்கு இதுவும் வரும். ஒன்று மட்டும்: சூப்பர்மார்க்கெட் ஓட்ஸை விதைக்காதீர்கள். ஆவியில் வெந்து தட்டையானது எந்த மண்ணிலும் முளைக்காது. உமியோடு இருக்கும் விதை வேண்டும்.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது

தாய்க்கு வெள்ளை உமி, தகப்பனுக்குக் கருப்பு உமி. முதல் முறை செய்பவர்கள் இதை மட்டும் மாற்றாதீர்கள். ஓட்ஸில் உமியின் கருப்பு நிறம் வெள்ளையை அமுக்கிவிடும் குணம். ஆகவே கலப்பு பலித்ததா என்று சோதனைக்கூடம் போகாமல் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். என் தாய்ச்செடி நஜஃப்கர் பக்கத் தீவனக் கடையில் வாங்கிய வெள்ளை ரகம்: தண்டு உறுதி, ஆனால் சோம்பேறி. தகப்பன், சோனிபத்தில் ஒரு விவசாயி கைப்பிடி அள்ளிக் கொடுத்த கருப்பு: ஒல்லி, ஆனால் பதினைந்து நாள் முன்னாலேயே கதிர் தள்ளிவிடும்.

அந்தப் பதினைந்து நாள்தான் தலைவலி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்து காத்திருக்க, பெண் இன்னும் குளிக்கவே போகவில்லை என்கிற கதை. அக்டோபர் கடைசியில் தாயை விதைத்துவிட்டு, தகப்பனைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதையுங்கள். ஓட்ஸ் நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கும் பயிர். அதனால் தாய்ப் பைகளுக்கு மேல் ஒரு எல்.இ.டி. பல்பு தொங்கவிட்டு ராத்திரி 11 மணி வரை எரியவிட்டாலும் சீக்கிரம் கதிர் வரும். நான் இரண்டும் செய்தேன். எதிர் மாடி ஆன்ட்டி, “பேட்டா, ஷாதி ஹை க்யா?” (தம்பி, கல்யாணமா?) என்று கேட்டார். ஒரு விதத்தில் ஆமாம்.

கருவிகள்

நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ஊசிமுனை இடுக்கி. பழைய டெல்லி நகைக்கடைத் தெரு தரீபா கலான் பக்கம் கேட்டால் கிடைக்கும். புருவ இடுக்கி உதவாது, பூவை நசுக்கும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி, பட்டர் பேப்பர் உறை, ஜெம் கிளிப், ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரே பனியில் கரைந்துவிடும். மார்க்கர் நிற்கும் என்று சொல்கிறவர்கள் டெல்லி ஜனவரியைப் பார்த்ததில்லை.

ஆண்மை நீக்கம்: இங்கேதான் விழுந்தேன்

ஓட்ஸ் தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் பயிர். வெளி மகரந்தம் தானாக ஏறுவது மிக அபூர்வம். அதனால் தாய்ப்பூவின் மகரந்தப்பைகளை அவை வெடிக்கும் முன்னே எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) உறையிலிருந்து கதிர் முக்கால்வாசி வெளியே வந்த சமயம் சரி. ஓட்ஸ் கதிர் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கும். மேல்பகுதியில் எட்டு, பத்து சிறுகதிர்களை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். ஒவ்வொரு சிறுகதிரிலும் காகிதம் போன்ற இரண்டு செதில்களுக்குள் இரண்டு மூன்று பூக்கள் இருக்கும். அடியில் இருப்பது பெரியது. அதை வைத்துக்கொண்டு மேலே இருக்கும் சின்னதுகளைக் கிள்ளிவிடுங்கள். கிள்ள மறந்த ஒரு குட்டிப் பூ போதும், பிறகு எது கலப்பு விதை, எது தன்விதை என்று குழம்பிப்போவீர்கள்.

இப்போது இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பூவைப் பிடித்து, இரண்டு உமிகளின் விளிம்பு சேரும் இடத்தில் இடுக்கி முனையை விட்டு லேசாக விரியுங்கள். உள்ளே மூன்று மகரந்தப்பைகள், நடுவே இறகு மாதிரி சூல்முடி. பைகளின் நிறத்தைப் பாருங்கள். இளம் பச்சை என்றால் பயமில்லை, ஒவ்வொன்றாக அடிக்காம்பைப் பிடித்து எடுங்கள், எண்ணி மூன்று. பச்சையில் மஞ்சள் ஏற ஆரம்பித்திருந்தால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள். எடுக்கும்போது ஒன்று உடைந்து தூள் பறந்ததா? அந்தப் பூவையே பிய்த்து எறிந்து, இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பாவம் பார்க்கக்கூடாது.

நான் பாவம் பார்த்தேன். அதுதான் பிரச்சினை. கும்பகோணத்தில் நெல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெல் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூ விரிக்கும், மத்தியானத்துக்குள் மூடிவிடும். ஓட்ஸும் அப்படித்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஓட்ஸ் பூப்பது மத்தியானத்துக்கு மேல். நான் காலை பத்து மணிக்குப் போய், “இன்னும் எதுவும் விரியவில்லையே, எல்லாம் இளம்பூ” என்று நம்பி 30 பூக்களைத் திறந்தேன். பாதியில் பைகள் மஞ்சள். முந்தின நாள் மாலையே விரிந்து, வெடித்து, மூடிக்கொண்டவை சிலதும் அதில் கலந்திருக்க வேண்டும். “பரவாயில்லை, வெடிக்கவில்லைபோல” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உறை போட்டேன். 11 விதை கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த வருஷம் 11-ம் வளர்ந்து வெள்ளை உமியோடு நின்றன. அத்தனையும் தாயின் தன்விதை.

இதற்கு ஒரு மருந்து உண்டு. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு பூக்களில் பைகளை எடுத்து, உறை போட்டு, மகரந்தம் தூவாமல் விட்டுவிடுங்கள். அவற்றில் விதை பிடித்தால் உங்கள் கை சரியில்லை என்று அர்த்தம். இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சம்.

மகரந்தம் சேர்ப்பது

பைகளை எடுத்ததும் கதிருக்கு உறை போட்டுவிடுங்கள். ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து, வெயில் இருக்கும் நாளில், மத்தியானம் 2 மணிக்கு மேல் ஏறுங்கள். மூட்டமான நாளில் பூ விரியச் சுணங்கும்; மறுநாள் பாருங்கள். தகப்பன் கதிரில் உமி விரியத் தொடங்கும் பூக்களிலிருந்து மஞ்சளாக உப்பிய பைகளை எடுத்து, தாய்ப்பூவில் ஒன்றுக்கு ஒன்று வைத்து, சூல்முடிமேல் இடுக்கியால் லேசாகத் தேயுங்கள். தூள் விழுவது பூதக்கண்ணாடியில் தெரியும். மகரந்தத்தை டப்பியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். புல் வகை மகரந்தத்துக்கு ஆயுசு மிகக் குறைவு, எடுத்த கையோடு வைத்துவிடுங்கள். மறுபடி உறை, அட்டையில் தாய், தகப்பன், தேதி.

ஒரு வாரத்தில் உறையைத் திறந்து பார்த்தால் பலித்த பூவில் சூலகம் பருத்திருக்கும். இரண்டாம் முயற்சியில் 40 பூவுக்கு 7 விதை தேறியது. கம்மிதான், ஆனால் மகரந்தம் தூவாத பூக்கள் ஒன்றில்கூட விதை இல்லை. காகித உறை கிளிக்கு வெறும் வடை. கதிர் முற்றும்வரை மேலே ஒரு வலையும் கட்டுங்கள்.

அதற்குப் பிறகு

முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல இருக்கும். அவற்றின் விதையை விதைத்தால் வருகிற இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும்: குட்டை, நெட்டை, முந்தினது, பிந்தினது. நிறத்தில் ஏறக்குறைய மூன்று கருப்புக்கு ஒரு வெள்ளை. மாடியில் இடமில்லாதவர்கள் ஒரு செடிக்கு ஒரு விதை என்று எடுத்து அடுத்த தலைமுறைக்கு நகருங்கள். கலப்புத்தன்மை ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். ஆறாம் தலைமுறையில் 32-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். தேர்வு என்று கறாராக உட்காருவதை அதுவரை தள்ளிப்போடலாம். முதலிலேயே சாய்ந்து விழுவதை மட்டும் நான் விடுவதில்லை.

டெல்லியில் வருஷத்துக்கு ஒரு போகம்தான். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கோதுமைக்காரர்கள் கோடையில் நீலகிரியின் வெலிங்டனில் இன்னொரு போகம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், என் 7 விதைகளைக் குன்னூர் சித்தப்பாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். ஆறு முளைத்தன. கதிர் முற்றியதும் போன் வந்தது. “என்னடா இது, கருகிப்போச்சு போலிருக்கே, எல்லாம் கருப்பா இருக்கு!” ஆறில் ஐந்து கருப்பு. சித்தப்பாவுக்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இன்னும் புரியவில்லை.

பிற்சேர்க்கை 1: “கலப்பு செய்த விதை தாயைப் போலவே வெள்ளையாக இருக்கிறது, தோற்றுவிட்டேனா?” என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இல்லை. உமி தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கும் கருதான் இருவருக்கும் பிறந்தது. தகப்பன் நிறம் அந்த விதை வளர்ந்து கதிர் விடும்போதுதான் தெரியும். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒருவர் போட்டுவிட்டார்.

பிற்சேர்க்கை 2: குருகிராம் வாசகர் ஒருவர் கோதுமை வயல் ஓரத்தில் கருப்பு ஓட்ஸ் பறித்துத் தகப்பனாக வைத்திருக்கிறார். அது காட்டு ஓட்ஸ், கோதுமைக்குப் பெரிய களை. மணி முற்றியதும் தானே உதிரும், அடியில் உறிஞ்சுவாய் போல வட்டத் தழும்பு, பழுப்பு ரோமம், முறுக்கி வளைந்த தடித்த மீசை. உதிரும் குணம் பிள்ளைகளுக்கும் போகும். செடியை முற்றும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: பதிவு செய்த ரகத்தைப் பெற்றோராக வைக்கலாமா? 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 30-ம் பிரிவு, புது ரகம் உண்டாக்கப் பதிவு ரகத்தை மூலமாகப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதே ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெற்றோராக வைத்து வணிகத்துக்கு விதை உற்பத்தி செய்வதென்றால் அனுமதி வேண்டும்.

விதை கேட்டு எழுதுபவர்களுக்கு: இப்போது என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை, 60 பை, அறுபதும் அறுபது விதம். அதில் ஒன்பது பைகள் மற்றதற்கு முன்பே கதிர் தள்ளின. அந்த ஒன்பதிலும் நான்கு, போன வாரக் காற்றில் படுத்துவிட்டன. மிச்சம் ஐந்து.