புல்வெட்டுற டிராக்டரோட டெக்கை வீட்டுலயே கழட்டி சரி பண்றது

ஏப்ரல்ல முதல் தடவை வண்டிய எடுத்து பிளேடை ஓட விட்டதும் ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, ஜல்லிய டப்பாவுல போட்டு குலுக்குற மாதிரி. திரும்பிப் பாத்தா புல்லு ஒரு பக்கம் ஒட்ட வெட்டியிருக்கு, இன்னொரு பக்கம் படிக்கட்டு மாதிரி நிக்குது. இங்க ஒஹாயோல அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்னு வீடு வாங்குன நம்மாளுங்க நெறைய பேருக்கு இந்த சத்தம் பழக்கமா இருக்கும். கடையில கேட்டா டெக்கையே, அதாவது பிளேடு சுத்துற அந்த இரும்புக் கூட்டையே மாத்துங்கன்னு சொல்லுவாங்க, ஆனா முக்காவாசி நேரம் போயிருக்கிறது சின்ன சின்ன பேரிங்தான். ஒரு சனி ஞாயிறு ஒதுக்குனா நீங்களே முடிச்சிடலாம். நான் சொல்றது 42 இன்ச் அகலத்துக்கு வெட்டுற, ரெண்டு பிளேடு டெக்குக்கு, மூணு பிளேடு இருந்தா ஸ்பிண்டில் (பிளேடைத் தாங்கி சுத்த வைக்கிற அச்சு செட்) ஒண்ணு கூட, அவ்ளோதான்.

மொதல்ல சாவிய எடுத்து பாக்கெட்ல போடுங்க, ஸ்பார்க் பிளக் ஒயர உருவி ஓரமா தள்ளி வைங்க. ஜாக்கி போட்டு வண்டிய தூக்கி அடியில கைய விடுற வேலையே வேணாம், டெக்கை வெளிய எடுத்துட்டு வேலை பாக்குறதுதான் சுலபமும் கூட.

கழட்டுறதுக்கு முன்னாடி பெல்ட் எந்தப் புல்லிக்கு உள்பக்கம் போகுது, எதுக்கு வெளிப்பக்கம் போகுதுன்னு போன்ல நாலு போட்டோ எடுத்துடுங்க. நான் ஞாபகம் இருக்கும்னு விட்டுட்டு ராத்திரி பத்து மணிக்கு கராஜ்ல உக்காந்து பெல்ட்ட வச்சு கோலம் போட்டுட்டு இருந்தேன். டெக்கை கீழ்மட்டத்துக்கு இறக்கி, இஞ்சின் புல்லியில இருந்து பெல்ட்ட எடுத்து, தாங்குற கம்பிகள்ல இருக்கிற கிளிப்பையெல்லாம் உருவுனா டெக் தரையில படுத்துடும், முன் சக்கரத்த ஒரு பக்கம் முழுசா திருப்பிட்டு பக்கவாட்டுல இழுத்தா வந்துடும். கிளிப்ப ஒரு டப்பால போட்டு வைங்க, புல்லுல விழுந்துச்சுன்னா கதை முடிஞ்சிது.

இப்போ காசு செலவு பண்றதுக்கு முன்னாடி முக்கியமான ஒண்ணு. டெக்கை கவுத்துப் போட்டு காஞ்ச புல்லையெல்லாம் சுரண்டி எடுங்க, கெட்டியா சாணி தட்டுன மாதிரி ஒட்டியிருக்கும். அப்புறம் ஸ்பிண்டில் மாட்டியிருக்கிற இடத்தச் சுத்தி சுத்தியலால தட்டிப் பாருங்க, பானை வாங்கும்போது தட்டுவோமே அதே மாதிரி. டங்குனு கேட்டா தகடு நல்லாருக்கு, டொப்புனு அமுங்குனா உள்ள துரு தின்னுடுச்சு. ஓரத்துல ஓட்டைன்னா தகடு வச்சு வெல்ட் அடிக்கலாம், வெல்டிங் தெரியாட்டி போல்ட் போட்டுக்கூட ஒட்டு போடலாம். ஸ்பிண்டில் உக்கார்ற இடமே அரிச்சிருந்தா ஒட்டு போடுற எண்ணத்த விட்டுடுங்க, பிளேடு நுனி எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னா அமெரிக்க பாதுகாப்பு தரநிலைப்படி உச்சவரம்பு நிமிஷத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 347 கிலோமீட்டர், அந்த இடம் கிழிஞ்சா யார் காலுக்கு வரும்னு சொல்ல முடியாது. அங்க போயிருந்தா வெறும் ஷெல், அதாவது டெக்கோட கூடு மட்டும் தனியா வாங்கி மத்த சாமான மாத்திப் போடுறதுதான் வழி.

அடுத்து ஸ்பிண்டில். பிளேடு நுனியப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா பேரிங் காலி. பிளேடு நட்டு சுலபத்துல வராது, டெக் சுவருக்கும் பிளேடுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டைய முட்டுக் குடுத்துட்டு நீளக் கைப்பிடி ரெஞ்சால நெம்புங்க, தடிமனான கிளவுஸ் கட்டாயம். ஸ்பிண்டில் ஹவுசிங், அதாவது பேரிங் உக்கார்ற வெளிக்கூடு, நெறைய மாடல்ல அலுமினியம், அதுல இரும்பு போல்ட் பல வருஷமா உக்காந்து ஒட்டிப் போயிருக்கும், அவசரப்பட்டு திருகுனா தலை மட்டும் கையில வரும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க, கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் தளர்த்தின்னு முன்ன பின்ன ஆட்டி எடுங்க.

முழு ஸ்பிண்டில் செட்டாவே வாங்கலாம், இல்ல பேரிங் மட்டும் மாத்தலாம். ஹவுசிங்கும் ஷாஃப்டும் நல்லாருந்தா நான் பேரிங் மட்டும்தான் மாத்துவேன். பல டெக்குல இருக்கிறது 6203-2ஆர்எஸ், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எதுக்கும் பழசு மேல இருக்கிற நம்பரப் படிச்சுட்டு வாங்குங்க. பழச தட்டி வெளிய எடுக்கும்போது ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு சின்னக் குழாய் வரும், அதுதான் ஸ்பேசர். அத தூக்கிப் போட்டுட்டு மாட்டுனவங்க எத்தனை பேர்! அது இல்லாம நட்ட இறுக்குனா ரெண்டு பேரிங்கோட உள் வளையமும் ஒண்ண நோக்கி ஒண்ணு இழுபட்டு, புது பேரிங் கொஞ்ச நாள்லயே கதற ஆரம்பிச்சிடும். நான் ஒரு தடவ இப்படித்தான் பண்ணிட்டு பேரிங் மட்டமான சரக்குன்னு ஊரெல்லாம் திட்டிட்டு இருந்தேன்.

புது பேரிங்க ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல வைங்க, வெறும் ஹவுசிங்க வெயில்ல சூடாக்குங்க, பாதி வேலை முடிஞ்சுது. அடிக்கும்போது வெளி வளையத்துல மட்டும் படுற மாதிரி அளவான சாக்கெட் வச்சு அடிங்க, உள் வளையத்துல அடிச்சா குண்டுல தழும்பு விழும். புது ஹவுசிங் வாங்குனா சிலதுல மரை போட்டிருக்காது, கூட வர்ற போல்ட்டே மரை வெட்டிட்டு போகும், அத டெக்குல மாட்டுறதுக்கு முன்னாடி வைஸ்ல புடிச்சு ஒரு தடவ போட்டு எடுத்துட்டா நிம்மதி.

பாகம் வாங்குறப்ப சீட்டுக்கு அடியில இருக்கிற மாடல் நம்பரப் பாருங்க. பழைய கிராஃப்ட்ஸ்மேன் வண்டின்னா 917னு ஆரம்பிச்சா ஹஸ்க்வார்னா கம்பெனி குடும்பம், 247னா எம்டிடி கம்பெனி செஞ்சது. பேரும் பெயிண்டும்தான் வேற, உள்ள இருக்கிறது பலதும் ஒண்ணுதான், அதனால இன்னொரு பிராண்ட் பேர்ல அதே சாமான் விலை கம்மியா கெடைக்கும்.

பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிற ஐட்லர் புல்லிய கையால சுத்திப் பாருங்க, கரகரன்னா மாத்திடுங்க. பெல்ட் வெடிச்சிருந்தாலோ பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருந்தாலோ புதுசு போடுங்க, டெக்குக்குன்னு விக்கிறதா வாங்குங்க, சாதா வி-பெல்ட் இந்த வளைச்சல் நெளிச்சலுக்கெல்லாம் தாங்காது.

பிளேடுக்கு சாணை பிடிக்கிறது தெரிஞ்ச வேலைதான், பழைய சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி, அதையே விடாம புடிங்க, சவரக்கத்தி மாதிரி ஆக்க வேணாம். முடிஞ்சதும் நடு ஓட்டைய ஒரு ஆணியில மாட்டிப் பாருங்க, தாழ்ற பக்கத்துல இன்னும் கொஞ்சம் தேய்ங்க. எடை சமமா இல்லாத பிளேடுதான் பேரிங்குக்கு எமன். திரும்ப மாட்டுறப்ப மடிஞ்ச ரெக்கை டெக்கைப் பாத்து மேல இருக்கணும்.

துருவுக்கு ஒயர் பிரஷ், கண்ணுக்குக் கண்ணாடி, மாஸ்க், துரு மாத்தி (துரு மேல பூசுற ரஸ்ட் கன்வெர்ட்டர்), பிரைமர், எனாமல். அடியில பெயிண்ட் எவ்வளவு அழகா அடிச்சாலும் கல்லு மண்ணு பட்டு உதிரத்தான் செய்யும், அதுக்காக நாள் பூரா மெனக்கெடாதீங்க.

மாட்டுன பிறகு லெவல். டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் இதத் தொடங்கணும், ஒரு டயர் தளர்ந்திருந்தா நீங்க எடுக்குற அளவெல்லாம் பொய். சமதளத்துல நிறுத்தி பிளேடு நுனியில இருந்து தரைக்கு அளங்க, இடம் வலம் வித்தியாசம் 1/8 இன்ச்சுக்குள்ள, முன்பக்கம் பின்பக்கத்த விட 1/8ல இருந்து 3/8 இன்ச் தாழ்வா. உங்க மேனுவல் வேற சொன்னா அதக் கேளுங்க, பிளேடு நட்டு எவ்வளவு இறுக்கணும்ங்கிறதுக்கும் அதுதான் கணக்கு.

பல டெக்குல அடிப்பக்கத்தக் கழுவ தண்ணி ஹோஸ் மாட்டுற வாய் இருக்கும், அது எனக்குப் புடிக்காத சமாச்சாரம், தண்ணி எல்லா மூலைக்கும் போறதில்ல, போன இடத்துல ஈரத்த விட்டுட்டுப் போகுது. நான் புல்லு காஞ்சதும் பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டிடுறேன்.

முதல் தடவ அரை மணி நேரம் வெட்டிட்டு இஞ்சின அணைச்சு, சாவிய எடுத்துட்டு, ஒவ்வொரு ஸ்பிண்டில் ஹவுசிங்கையும் தொட்டுப் பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருந்தா சரி, ஒண்ணு மட்டும் கைய சுட்டுச்சுன்னா அதத் திரும்பக் கழட்டி ஸ்பேசர் உள்ள இருக்கான்னு பாருங்க.