ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் பேட்ஜ்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தைத்தான். கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதுதான். பேட்ஜைக் கழற்றி வேறொன்றை ஒட்டுவது பெரிய வேலையே இல்லை.

இதில் அதிகம் பேர் ஏமாறுவது நிசான் ஸ்கைலைன் ஆர்32-இல். ஜிடிஎஸ்-டி வேரியன்ட்டில் 2.0 லிட்டர் இன்ஜின், ஒரே டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), பின்சக்கர இயக்கம். உச்ச மாடலான ஜிடி-ஆரில் 2.6 லிட்டர், இரண்டு டர்போ, நான்கு சக்கரத்துக்கும் இயக்கம். உள்ளே இவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் பம்பர், ஸ்பாய்லர், பேட்ஜ் மூன்றையும் மாற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை (காரின் அடையாள எண்) படியுங்கள். 'பிஎன்ஆர்32' என்று தொடங்கினால் ஜிடி-ஆர். 'எச்சிஆர்32' என்றால் ஜிடிஎஸ்-டி. கையில் சின்னக் காந்தம் இருந்தால் இன்னும் நல்லது. ஜிடி-ஆரின் பானட்டும் முன் ஃபெண்டர்களும் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடுகள்) அலுமினியம் என்பதால் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உடனே போலி என்று முடிவுகட்டவும் வேண்டாம். அடிபட்ட வண்டிக்கு இரும்புப் பாகம் போட்டிருக்கலாம். எண் சொல்வதை நம்புங்கள்.

அந்த எண்ணிலேயே குழம்புகிறவர்களும் உண்டு. வெளிநாட்டுக் கார்களில் இருப்பதுபோல் 17 இலக்கம் இல்லையே, ஏதோ தில்லுமுல்லு என்று நல்ல வண்டியை விட்டுவிடுவார்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த கார்களில் மாடல் குறியீடு, ஒரு கோடு, அப்புறம் வரிசை எண், அவ்வளவுதான் இருக்கும்.

பெயரில் உள்ள எண்ணை இன்ஜின் அளவாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. நிசான் 180எஸ்எக்ஸ் 1.8 லிட்டர் இன்ஜினோடு வந்தது உண்மை. 1991-இல் 2.0 லிட்டருக்கு மாறிய பிறகும் பெயரை மாற்றவில்லை.

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் 'ஆர்எஸ்' என்று பார்த்ததும் வசதிகள் நிறைந்த உச்ச மாடல் என்று நினைக்காதீர்கள். போட்டிக்கு எடுத்துப் போகிறவர்களுக்காக வசதிகளைக் கழித்து எடை குறைத்த கார் அது. அன்றாடம் ஓட்ட, வசதிகளோடு வரும் ஜிஎஸ்ஆர் வேரியன்ட்தான் சரி. குதிரைத்திறனை வைத்து ஒப்பிடுவதும் பல நேரம் கைகொடுக்காது. 1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து, உள்நாட்டுக் கார்களுக்கு 280 பிஎஸ்ஸுக்கு (குதிரைத்திறன் அலகு) மேல் காட்டவில்லை. அதனால் ஆர்32 ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா ஆர்இசட் இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே எண்தான்.

ஹோண்டாவின் 'டைப் ஆர்' மாடல்களில் வரும் சிவப்புச் சின்னத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. தனியாக வாங்கி எந்த சிவிக்கிலும் ஒட்டலாம். உண்மையான சிவிக் ஈகே9 டைப் ஆர் என்றால் இன்ஜினில் 'பி16பி' என்று இருக்க வேண்டும்.

சேஸிஸ் எண் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. நிசான் சில்வியா எஸ்15-இல் ஸ்பெக்-ஆர், ஸ்பெக்-எஸ் இரண்டுமே 'எஸ்15' என்றுதான் தொடங்கும். ஸ்பெக்-ஆரில் டர்போ உண்டு, ஸ்பெக்-எஸ்ஸில் கிடையாது. டர்போவைப் பின்னால் மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் உட்கார்ந்து கியரைப் போட்டுப் பாருங்கள்: ஸ்பெக்-ஆருக்கு ஆறு கியர், ஸ்பெக்-எஸ்ஸுக்கு ஐந்து.