கிறிஸ்தவக் கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895இலேயே வந்துவிட்டது, சவேரியார் கல்லூரி 1923இல். கல்லூரி கிறிஸ்தவக் கல்லூரிதான் என்றாலும், எந்த வகுப்புக்குள் போனாலும் முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்துப் பிள்ளையும் கிறிஸ்தவ ஊரான இடையன்குடிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும். இது தெரியாமல் ஒவ்வொரு ஜூனிலும் வருகிற புது ஆட்கள், நாங்கள் அந்தக் காலத்தில் ஆடிய அதே கூத்தை முதலிலிருந்து ஆடுகிறார்கள். சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஜெபம்

அரை நிமிடம் போதும். யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், அரசு உதவி பெறும் கல்லூரியில் அது அரசியல் சட்டம் 28(3)க்கே விரோதம்.

பரிணாமப் பாடத்தை மழுப்புவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு விலங்கியல் வகுப்பில் பையன் எழுந்து, "அப்போ ஆதாம் ஏவாள் சார்?" என்று கேட்டான். புதியவர், "பரீட்சைக்கு எழுதிட்டுப் போலே, மனசுல ஏத்திக்காத" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் எடுக்க வேண்டிய யூனிட்டை ஒரே பீரியடில் முடித்து மிச்சத்துக்கு நோட்ஸ் கொடுத்துவிட்டார். விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அதே பையன் முதுகலை நேர்காணலில் இயற்கைத் தேர்வுக்கு வரையறையை அப்படியே ஒப்பித்தான், ஒரு உதாரணம் சொல் என்றதும் முழித்தான், சீட் போயிற்று.

விசுவாசத்துக்கு எதற்கு இந்தப் பயம்? மரபியலுக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டல் ஒரு துறவி. பட்டாணிச் செடி ஆய்வை 1866இல் மடத்திலிருந்துகொண்டுதான் வெளியிட்டார். அவ்வளவு தூரம் போவானேன், நம் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதியபோது, திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதற்குச் சொல்லையும் இலக்கணத்தையும்தான் அடுக்கிக் காட்டினார், வேத வசனத்தை அல்ல.

யூனிட்டை முழுசாக எடுங்கள். புதைபடிவம், டிஎன்ஏ என்று சான்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அப்புறம் ஒருவன் உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் வகுப்பு முடிந்த பிறகு, கேட்டவனிடம் மட்டும்.

சபைப் பாசம்

இன்டர்னல் மார்க்கில் காட்டாதீர்கள். பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிருபை மார்க்

வேண்டாம். இரக்கம் இருந்தால் அரியர் வைத்தவனைச் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். அவன் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.