டை கட்டிங்கில் குவில்ட் துண்டுகள்: துணிக்கணக்கு தவறும் இடங்கள்

தங்கை மகளுக்காக ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆரம்பித்தேன். தைத்து முடித்தபின் 4 அங்குலமாக நிற்க வேண்டிய சதுரங்கள், நீலத்தில் மட்டும் 80. கணக்குப் போட்டு 1.10 மீட்டர் வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, டையில் (கத்தி பதித்த வெட்டும் பலகை) வைத்து வெட்டினால் 64 தான் வந்தது. மறுபடி கடைக்கு ஓடினேன். அதே பூப்போட்ட துணி இருந்தது, அதே நீலம் இல்லை. அடுத்த முறை சாயமேற்றி வந்த சரக்கில் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது.

கூட்டல், பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. ஸ்கேலும் ரோட்டரி கட்டரும் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) வைத்து வெட்டுவதற்கான கணக்கை டைக்குப் போட்டதுதான் தவறு. குவில்ட்டுக்கு டை வாங்கும் பலரும் முதலில் சறுக்கும் இடம் இதுதான், அதனால் இதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டை என்பது ஒரு பலகை. அதில் துண்டின் வடிவத்துக்கு எஃகுக் கத்தி பதித்து, சுற்றிலும் ஃபோம் ஒட்டியிருப்பார்கள். துணியை அதன்மேல் அடுக்கி, மேலே மேட் என்னும் தடித்த தகட்டை வைத்து, வெட்டும் இயந்திரத்தின் உருளைகளுக்கு இடையே ஓட்டினால் கத்தி துணியில் இறங்கும். ஒழுங்காக வெட்டுப்பட வேண்டுமானால் கத்தியைத் தாண்டி நாலு பக்கமும் குறைந்தது கால் அங்குலம் துணி இருக்க வேண்டும். ஸ்கேலால் வெட்டும்போது ஒரு துண்டின் ஓரமே அடுத்த துண்டின் ஓரம், நடுவில் எதுவும் வீணாகாது. டையில் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் சொந்த ஓரம் வேண்டும்.

44 அங்குல அகலத் துணி துவைத்துச் சுருங்கி, இரண்டு பக்கக் கெட்டி ஓரமும் போனால் 41, 42 அங்குலம் நிற்கும். தையலுக்கான இடம் சேர்த்து நம் சதுரம் 4½ அங்குலம். ரோட்டரி கட்டரில் ஒரு பட்டைக்கு (துணியின் அகலம் முழுக்க வெட்டும் நீளத் துண்டு) 9 சதுரம், 9 பட்டையில் 81. தேவையான நீளம் 40½ அங்குலம். டையில் அதே சதுரத்துக்கு 5 அங்குலப் பட்டை, பட்டைக்கு 8 சதுரம். 80 வேண்டுமென்றால் 10 பட்டை, 50 அங்குலம். அதாவது 1.03 மீட்டர் போதும் என்ற இடத்தில் 1.27 மீட்டர். இதுவும் துவைத்தபின் இருக்க வேண்டிய அளவு, வாங்கும்போது இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

ஆகவே பேட்டர்னில் (குவில்ட்டுக்கான அளவும் செய்முறையும் உள்ள குறிப்பு) போட்டிருக்கும் துணி அளவைப் பார்ப்பதற்கு முன்னால் டையை மேசையில் வைத்து டேப்பால் அளந்துவிடுங்கள். ஒரே பலகையில் இரண்டு மூன்று வடிவங்கள் இருந்தால் கத்திகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், அந்த இடத்துத் துணியும் போனதுதான். எல்லாக் கத்திகளையும் மூடும் செவ்வகம் எவ்வளவு, அதில் ஒரு அடுக்குக்கு எத்தனை துண்டு என்ற இரண்டு எண்களும் தெரிந்தால் மீதி எல்லாம் வெறும் வகுத்தல். பேட்டர்ன் டைக்கென்றே எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதிலுள்ள கணக்கு ரோட்டரி கட்டருக்கானது.

அடுத்தது துணியை வைக்கும் திசை. உருளை அழுத்தித் தள்ளும்போது ஊடைப் பக்கம் (துணியின் அகலவாட்டு நூல்) துணி இழுபடும், பாவுப் பக்கம் (நீளவாட்டு நூல்) அவ்வளவாக இழுபடாது. அதனால் பாவு நூல் பலகை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். சதுரத்தில் இதனால் அளவு மாறாது, செவ்வகத்தில் மாறும். 4½ க்கு 8½ அங்குலத் துண்டு 40 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளப் பக்கம் பாவோடு போனால் 9 அங்குலப் பட்டையில் 8 துண்டு, மொத்தம் 45 அங்குலம். திருப்பி வைத்தால் 5 அங்குலப் பட்டையில் 4 துண்டுதான், மொத்தம் 50 அங்குலம். ஒரு திசைக்குக் கணக்குப் போட்டு மற்றத் திசையில் வெட்டினால் கடைசியில் கை பிசைய வேண்டியதுதான். கலம்காரி மயில், யானை மாதிரி தலைகால் உள்ள அச்சு என்றால் பாவையும் பார்க்க வேண்டும், படம் நிமிர்ந்து நிற்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் துணியை நான் எப்போதும் கால் மீட்டராவது கூடுதலாக எடுப்பேன்.

துணியை மடித்து அடுக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சதுரம், வட்டம் எப்படி மடித்தாலும் ஒன்றுதான். சாய்சதுரம் போலில்லாமல் ஒரு பக்கம் நீண்ட இணைகரமோ, செவ்வகத்தைக் குறுக்கே வெட்டிய முக்கோணமோ என்றால் மடிப்பில் பாதி துண்டுகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி வரும். சில பேட்டர்னுக்கு அப்படி ஜோடிதான் வேண்டும், அப்போது மடிப்பது வசதி. மற்றபடி, தனித்தனியாக வெட்டி எல்லா அடுக்கையும் ஒரே முகமாக வையுங்கள். இல்லாவிட்டால் பாதித் துணி போயிற்று. பருத்தித் துணி என்றால் பெரும்பாலான குவில்ட் டைகள் 6 அடுக்கு வரை தாங்கும். ஃபிளானல், டெனிம் போன்ற தடித்த துணிக்கு அடுக்கைக் குறைக்க வேண்டும். எட்டு அடுக்கைத் திணித்து, மூலைகளில் நூல் அறாமல் பிய்த்தெடுக்கும் துண்டுகள் தையலுக்கு உதவாது.

முக்கோணத்தில் எண்ணிக்கை தவறுவது சகஜம். நிறத்துக்கு ஒரு முக்கோணமாக இரண்டு நிறம் சேர்ந்த 64 சதுரத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் 64 முக்கோணம் வேண்டும், 32 இல்லை. டையின் மேல் 4 அங்குலம் என்று எழுதியிருந்தால் அது தைத்து முடித்த அளவா, வெட்டும் அளவா என்று பெட்டியைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். துண்டோடு துண்டு இணைத்துத் தைப்பதற்கான டைகளில் கால் அங்குலத் தையலிடம் சேர்ந்தே வரும். பூ, இலை போன்ற, துணியின் மேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் டைகளில் பெரும்பாலும் இருக்காது.

அப்புறம் கஜம். அமெரிக்கப் பேட்டர்ன்கள் கஜத்தில் சொல்லும், ஒரு கஜம் 36 அங்குலம். நம் கடையில் மீட்டர், 39.37 அங்குலம். மீட்டராக வாங்கினால் சற்றுக் கூடவே கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. கடையில் கோணலாக வெட்டிக் கொடுத்தால் நேராக்குவதிலேயே ஒவ்வொரு முனையிலும் ஓரிரண்டு அங்குலம் போய்விடும். பருத்தி துவைத்தால் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவதும் உண்டு. 36 அங்குல அகலத் துணி என்றால் நம் 5 அங்குலக் கணக்கில் பட்டைக்கு 8 சதுரம் வராது, 6 தான். அகலத்தைக் கேட்காமல் மீட்டரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

இப்போதெல்லாம் கடைக்குப் போவதற்கு முன் பழைய வேட்டித் துணியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, பட்டை அளவையும் பட்டைக்கு எத்தனை துண்டு என்பதையும் பென்சிலால் டைப் பலகையின் பின்னாலேயே எழுதி வைத்துவிடுகிறேன். கணக்கில் வரும் பட்டைகளோடு இன்னும் ஒரு பட்டை சேர்த்து வாங்குகிறேன்.