புது லோயர் ஆர்ம் போட்டும் சத்தம் போகலையா? பழைய கார் சஸ்பென்ஷன் வேலையில பண்ணக்கூடாத தப்புங்க

2005ல வந்த முதல் மாடல் ஸ்விஃப்ட் இன்னும் நம்ம ஊர்ல நிறைய ஓடுது. இன்ஜின்ல ஒரு குறையும் இருக்காது, ஆனா ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா முன்பக்கம் அடியில லொடக் லொடக்னு சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்ல விட்டா லோயர் ஆர்ம் (வீலை வண்டி பாடியோட கீழ்ப்பக்கம் இணைக்கிற இரும்பு கை) ரெண்டும் மாத்திடுறாங்க, காசு கொடுத்துட்டு வர்றோம், கொஞ்ச நாள்ல அதே சத்தம் திரும்ப வந்துடுது, உடனே பார்ட் டூப்ளிகேட்னு முடிவு பண்ணிடுறோம். டூப்ளிகேட் மார்க்கெட்ல இருக்கு, இல்லைனு சொல்லல. ஆனா நல்ல பார்ட்டையே மாட்டுற விதத்துலயே கெடுக்கிறதும் நிறைய நடக்குது.

முதல் தப்பு, எது போச்சுன்னு பாக்காமலே மாத்துறது. வண்டிய ஜாக்கில தூக்கி வீலை மேலயும் கீழயும், அதாவது 12 மணி 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை உள்ள உக்காந்து பிரேக் அமுக்க சொல்லுங்க, அமுக்கினதும் ஆட்டம் நின்னுட்டா அது வீல் பேரிங், நிக்கலைனா பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் வீல் பக்கம் சேர்ற உருண்டை மூட்டு) மேல சந்தேகப்படலாம். 3 மணி 9 மணி இடத்துல ஆடினா ஸ்டீரிங்கை வீலோட சேர்க்கிற டை ராடு எண்டு இல்ல ரேக் எண்டு. வண்டி நிக்கும்போது ஸ்டீரிங் திருப்பினா ஸ்பிரிங் டங்குனு விட்டு விட்டு சுத்துற சத்தம் வந்தா ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேல இருக்கிற மவுண்ட் பேரிங்கை பாருங்க. லிங்க் ராடு (வளைவுல வண்டி சாயறதை குறைக்கிற பாரை இணைக்கிற சின்ன கம்பி) மேல சந்தேகம்னா ரெண்டு பக்கமும் கழட்டி வச்சுட்டு தெருவுக்குள்ள மட்டும் மெதுவா ஓட்டி பாத்தா போதும், சத்தம் காணாம போனா விஷயம் முடிஞ்சது, லோயர் ஆர்மை தொடவே வேண்டாம்.

அடுத்தது எல்லாத்தையும் விட முக்கியமானது, தயவுசெஞ்சு இதை நல்லா படிங்க. லோயர் ஆர்ம் பாடியோட சேர்ற இடத்துல இருக்கிற புஷ்ல வெளிய ஒரு இரும்பு வளையம், உள்ள ஒரு இரும்பு குழாய், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை டைட் பண்ணினதும் உள் குழாய் அப்படியே லாக் ஆயிடும், அது சுத்தாது, வீல் மேல கீழ போறப்ப ரப்பர் தான் முறுக்கிட்டு திரும்பும். இப்ப வண்டி ஜாக்கில தொங்கிட்டு இருக்கு, வீல் முழுசா கீழ இறங்கி இருக்கு, அந்த நிலையிலயே மெக்கானிக் இம்பாக்ட் கன் (நட்டு முறுக்குற மெஷின்) வச்சு ஃபுல் டைட் அடிச்சுடுறாரு. வண்டிய தரையில இறக்கினதும் ஆர்ம் மேல வந்துடும், ஆனா உள் குழாய் பழைய இடத்துலயே லாக் ஆகி நிக்கும், அப்போ வண்டி சும்மா நின்னுட்டு இருந்தாலும் ரப்பர் முறுக்கிட்டே தான் இருக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு பள்ளத்துலயும் இன்னும் முறுக்கினா கிழியாம என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இவ்ளோ தான்: தொங்கும்போது போல்ட்டை கையால பிடிக்கிற அளவுக்கு மட்டும் மாட்டுங்க, வண்டி வெயிட் முழுசும் வீல் மேல வந்தப்புறம், பிட்டுல (அடியில நிக்கிற குழி) இருந்தோ ராம்ப்ல இருந்தோ, டார்க் ரெஞ்ச் வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு டைட் பண்ணுங்க. பிட் இல்லைனா ஆர்ம் அடியில பால் ஜாயின்ட் பக்கத்துல இன்னொரு ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டு லேசா எழும்புற வரைக்கும் தூக்கிட்டு டைட் பண்ணலாம். பின்னாடி ஆக்ஸில் புஷ்ஷுக்கும் இதே ரூல் தான். ஒர்க்‌ஷாப்ல விடுறீங்கன்னா இந்த ஒரு விஷயத்தை மட்டும் முன்னாடியே சொல்லிட்டு பக்கத்துல நின்னு பாருங்க, கூச்சப்படாதீங்க.

லேத்துல புஷ் மட்டும் அடிச்சு போடுறவங்க, பழசை கழட்டுறதுக்கு முன்னாடி அது எந்த பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. சில புஷ்ல ரப்பர் நடுவுல காலி இடம் விட்டிருப்பாங்க, திசை மாறினா ஆர்ம் தப்பான பக்கம் நகரும். பால் ஜாயின்ட்லயும் ஆட்டம் இருந்தா புஷ் மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கிறது வீண், முழு ஆர்மா வாங்கிடுங்க.

ஷாக் அப்சார்பர் ஒரு பக்கம் லீக்னா ஒண்ணு மட்டும் மாத்துறதும் தப்பு. புதுசும் பழசும் ஒரே மாதிரி அடக்காது, பிரேக் அடிக்கும்போது வித்தியாசம் தெரியும், ஜோடியா மாத்துங்க. மேல இருக்கிற மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் இதெல்லாம் பழசையே போட்டுடாதீங்க, இதுக்காக திரும்ப கழட்டினா லேபர் ரெண்டாவது தடவை. நட்டை கழட்டும்போது ராடு சுத்துதுன்னு பிளையர் வச்சு பிடிக்கிறாங்க பாருங்க, அந்த பளபளப்புல ஒரு கீறல் விழுந்தா போதும், ஆயில் சீல் அறுந்து புது ஷாக்கும் லீக் ஆயிடும்.

பாதுகாப்பு விஷயத்துல யார் சொன்னாலும் சமரசம் பண்ணாதீங்க. வண்டியோட வந்த ஜாக்கி டயர் மாத்த மட்டும் தான், அடியில போகணும்னா ஸ்டாண்ட் வேணும், செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் திடீர்னு நொறுங்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கி பிடிக்கிற டூல்) இல்லாம ஸ்ட்ரட்டோட மேல் நட்டை கழட்டவே கூடாது, அமுங்கின ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே முடிச்சுடும். அந்த டூல் இல்லைனா ஸ்ட்ரட்டை மொத்தமா கழட்டி ஒர்க்‌ஷாப்ல கொடுத்து பிரிச்சுக்கோங்க.

நக்கிளை (வீல் மாட்டியிருக்கிற இரும்பு பாகம்) பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டு கட்டுங்க. நைலான் வச்ச லாக் நட்டு கழட்டினா புதுசு போடுங்க. ரப்பர் புஷ்ஷுக்கு சாதா கிரீஸ் தடவினா ரப்பர் ஊதிப்போகும், தேவைன்னா சிலிகான் கிரீஸ்.

கடைசியா அலைன்மென்ட். ஸ்ட்ரட்டை நக்கிள்ல இருந்து கழட்டுறதுக்கு முன்னாடி போல்ட் இடத்துல பெயிண்ட் மார்க் வச்சுக்கோங்க, அங்க கொஞ்சம் நகர்ந்தாலும் கேம்பர் (முன்னால இருந்து பாத்தா வீல் சாய்ஞ்சிருக்கிற கோணம்) மாறும். வேலை முடிஞ்ச கையோட அலைன்மென்ட் பாத்துடுங்க, டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கிற அளவு) சரியில்லாம ஓட்டினா டயர் ஒரு பக்கமா தேயும். புது ஸ்பிரிங் போட்டிருந்தா அது செட்டில் ஆன பிறகு இன்னொரு தடவை பாக்கணும். மெஷின்ல ரெண்டு பக்க கேம்பரும் ரொம்ப வித்தியாசமா காட்டினா டோ மட்டும் பிடிச்சு அனுப்ப விடாதீங்க, அந்த நக்கிள் போல்ட்டை தளர்த்தி மார்க்குக்கு கொண்டுவந்து திரும்ப பாக்க சொல்லுங்க.