ஆன்லைன் மளிகை டெலிவரி: கையைச் சுடும் தவறுகள்

ஆர்டர் குவிகிறது என்று யாராவது பூரிப்போடு சொன்னால், ஒரு ஆர்டருக்கு எவ்வளவு நிற்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். பலரிடம் பதில் இருக்காது. ஒவ்வொரு ஆர்டரிலும் நஷ்டம் என்றால், ஆர்டர் கூடக் கூட நஷ்டமும்தான் கூடும்.

ஒரு ஆர்டரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் விலை போக 15 மிஞ்சுகிறது. பொருளை எடுத்துக் கட்டும் ஆளின் நேரம், பை, பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து 6. வீடு வரை கொண்டுபோக 12. ஆக, 3 கைநஷ்டம். அதே வீட்டுக்கு 300க்கு ஆர்டர் போனால் மிஞ்சுவது 45. கட்டும் செலவு இரட்டிப்பாகி 12 ஆனாலும் டெலிவரிச் செலவு அதே 12தான், 21 நிற்கும். வண்டி ஓடும் தூரத்துக்குப் பையின் கனம் தெரியாது. குறைந்தபட்ச ஆர்டர் தொகை வைத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயத்தில் அதைத் தவிர்ப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

அடுத்தது, ஊர் முழுக்கப் பரவ நினைப்பது. ஒரே தெருவில் பத்து வீடு என்றால் ஒரே சுற்றில் முடியும். பத்துத் திசையில் பத்து வீடு என்றால் பெட்ரோலும் நேரமும் கரைந்துவிடும். நிமிடக் கணக்கில் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தாலும் இதே கதைதான்: அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு பையோடு ஒரு வண்டி கிளம்பும். கூடவே, ஓட்டுபவரின் உயிரையும் அந்த அவசரத்தில் பணயம் வைக்கிறோம். காலை, மாலை என்று நேரம் பிரித்து, பகுதிவாரியாகச் சேர்த்து அனுப்புவது எவ்வளவோ மேல். அமெரிக்காவின் ஆன்லைன் மளிகை நிறுவனமான வெப்வேன் 1999இல் டெலிவரியைத் தொடங்கியது. தேவை நிலைக்கும் முன்பே தானியங்கிக் கிடங்குகளில் பெரும்பணத்தைக் கொட்டி, நகரம் நகரமாக விரிந்து, 2001 ஜூலையில் மூடப்பட்டது.

செயலியில் இருக்கும் பொருள் அலமாரியில் இல்லாமல் போவது இன்னொரு தலைவலி. கடை விற்பனைக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் ஒரே சரக்கு, ஆனால் தனித்தனிக் கணக்கு என்றால் இது தினமும் நடக்கும். இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவாருங்கள். வேகமாக விற்கும் பொருளில் கடைசிச் சில பாக்கெட்டுகள் இருக்கும்போதே செயலியில் 'இருப்பு இல்லை' என்று காட்டிவிடுங்கள். கேட்காமல் வேறு பிராண்டை வைத்து அனுப்பாதீர்கள். குழந்தைக்கான பால் பவுடரை அப்படி மாற்றினால் அந்த வீடு திரும்பி வராது, வரவும் கூடாது. மாற்றுப் பொருள் வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா என்று ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குளிர்பதனப் பொருள்கள் 5 டிகிரி செல்சியஸுக்குள்ளும், உறைந்தவை மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். அவற்றை முன்கூட்டியே கட்டி மேசையில் வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். வண்டி வந்த பிறகு கடைசியாக எடுத்து வைத்தால் போதும். பழுத்த வாழைப்பழத்தைக் கீரையோடு சேர்த்துக் கிடங்கில் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவில் கீரை மஞ்சளித்துவிடும்.

முதல் ஆர்டர் தள்ளுபடிக்குச் செலவழிப்பவர்கள், அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் தள்ளுபடி இல்லாமல் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எடை விஷயத்திலும் அதே அலட்சியம். ஒரு கிலோ கேட்டவருக்கு 940 கிராம் போயிருந்தால், அவர் கேட்கும் முன்பே மீதி 60 கிராமுக்கான பணத்தை அன்றே திருப்பிவிடுங்கள்.